ராப்போஜன வரிசை

முன் பெஞ்சுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு பெஞ்சாகக் காலியாகி ஆல்டருக்குப் போகும், திரும்பி வரும், என் பெஞ்சுக்கு இன்னும் நாலைந்து பெஞ்சு இருக்கிறது, அதற்குள் ஏதாவது நடக்கலாம், கரண்டு போகலாம், யாராவது தாத்தா மயங்கி விழலாம், கடலிலிருந்து காற்று கிளம்பி வந்து சர்ச் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகலாம். ஒன்றும் நடக்காது. நடந்தால் தேவலை என்று நான் வேண்டிக்கொண்ட எதுவும் இந்தக் கட்டடத்துக்குள் நடந்ததில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, ராப்போஜனம், அப்பமும் திராட்சை ரசமும், எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. என் சட்டையை அம்மா விடியும் முன்பே தேய்த்து நாற்காலி முதுகில் மாட்டி வைத்திருந்தாள், காலரில் கஞ்சி மொடமொடவென்று நிற்கிறது, கழுத்தைத் திருப்பினால் அறுக்கிறது, அதனால் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பெண்கள் பக்கம் பார்க்கிறேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் பார்க்கிறாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "கிதியோன், இன்னைக்கு எடுத்துரு என்ன. திரும்பி வந்து மொத ராப்போஜனம். எடுக்கலன்னா இன்னும் குடிச்சிட்டுத் திரியுதான்னுல்லா சொல்லுவாவ." நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொத்தான் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவள் சொன்னது பொய் இல்லை. எங்கள் சபையில் ராப்போஜனத்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவனை எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்கும் தம்பிக்கும் வழக்கு இருக்கும், இல்லாவிட்டால் அவனுக்கு வேறு எங்கோ ஒரு வீடு இருக்கும், இல்லாவிட்டால் குடி. மனச்சாட்சி உறுத்துகிறது, அதனால் எடுக்கவில்லை என்று அர்த்தம். ஆராதனை முடிந்து வெளியே வந்து டீ குடிப்பதற்குள் என்ன காரணம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். என் விஷயத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. நான் மதுரையில் டிரெயினிங் போயிருக்கிறேன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள், என்ன டிரெயினிங் என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் எல்லோருக்கும் தெரியும் என்பதற்கு அத்தாட்சி. ஆக, நான் குடிக்கவில்லை என்று இந்தச் சனத்துக்குக் காட்ட வேண்டுமானால் நான் போய் முழந்தாளிட்டுக் குடிக்க வேண்டும். இதை நினைத்து நேற்று குளியலறையில் தனியாகச் சிரித்தேன். குடியை விட வைக்கிற மையத்தில் கவுன்சிலிங் சார் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வார், கொஞ்சம் என்று ஒன்று உனக்குக் கிடையாது, உலகத்தில் மற்ற எல்லோருக்கும் உண்டு, உனக்குக் கிடையாது. கேட்கும்போது எரிச்சலாக வரும். என்னமோ எனக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம். பிறகு யோசித்தால், நான் எப்போது கொஞ்சம் குடித்தேன், ஒரு தடவை சொல்லு பார்ப்போம், ஒரே ஒரு தடவை.

அடுத்த பெஞ்சு எழும்புகிறது. கீபோர்டுக்காரப் பையன் பாட்டை இழுத்து இழுத்து வாசிக்கிறான், மனசில்லாமல் வாசிக்கிறான். எனக்கு வாசனை வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மெழுகுவர்த்தி வாசனையும் பவுடர் வாசனையும் மல்லிகைப்பூவும்தான் வரும், எனக்கு இத்தனை தூரத்திலிருந்து ரசம் வருகிறது, மூக்கு அதைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறது. கோயில்குட்டியார் சம்சாரம் போடுகிற ரசம். கோயில்குட்டியார்தான் மணியடிப்பது, கோயிலைக் கூட்டுவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, அவர் சம்சாரம் கறுப்புத் திராட்சை வாங்கிச் சீனியும் கிராம்பும் போட்டுப் பரணியில் ஊற வைத்து வாயைத் துணியால் கட்டி வைக்கும். வெறும் பழச்சாறுதாம்ல என்கிறாள் அம்மா. வெறும் பழச்சாற்றுக்கு எதற்குத் துணியால் வாயைக் கட்ட வேண்டும். போன மாதம் ஐயர் ஊரில் இல்லை, ராப்போஜனம் நடக்கவில்லை, எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம், அந்த மாதத்து ரசம் அப்படியே பரணியில் இருந்து நன்றாக முற்றிப்போயிருக்கும். இதையெல்லாம் நான் எதற்குக் கணக்குப் பண்ணுகிறேன். எவ்வளவு ஏறியிருக்கும் என்று எதற்கு யோசிக்கிறேன். பயத்தில் யோசிக்கிறேனா, ஆசையில் யோசிக்கிறேனா. இரண்டுக்கும் வாயில் ஒரே மாதிரிதான் எச்சில் ஊறுகிறது. விழுங்கு. விழுங்கினேன். பக்கத்தில் அருமைநாயகம் சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், எனக்காக ஜெபிக்கிறார் போல. ஜெபியுங்கள் சார். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அடித்தீர்கள், இப்போது ஜெபியுங்கள்.

ஐயரிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. நேற்றுச் சாயங்காலம் பார்சனேஜ் வீட்டுக்குப் போனேன், புது ஐயர், என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும், நல்ல மனுஷன், உட்காருங்க தம்பி என்று ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். ஐயரம்மா டீயும் ரஸ்க்கும் கொண்டுவந்து வைத்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தது, மையத்தில் இருந்தது, ஒரு சொட்டுகூட ஆகாது என்பது, எல்லாம். அவர் ரொம்ப நேரம் கேட்டார். பிறகு, "தம்பி, பயத்தோட வர வேண்டாம், விசுவாசத்தோட வாங்க. அது நீங்க நினைக்கிற பொருள் இல்லை" என்றார். "ஐயா, எனக்கு மட்டும் வெறும் பழச்சாறு தனியா வைக்கலாமா?" என்று கேட்டேன். அவர் முகம் கஷ்டப்பட்டது. "ஒரு ஆளுக்காகப் பாத்திரத்தை எப்படி மாத்துறது? கமிட்டில கேப்பாங்களே தம்பி" என்றார். கர்த்தருக்குப் பயப்படுகிற மனுஷன், கமிட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுகிறார், குறை சொல்ல முடியாது, வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். அந்தக் கை நடுங்கவில்லை. நடுங்காத கையைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வரும், யாருடைய கையாக இருந்தாலும் சரி. யார்டில் காலை ஷிப்டுக்குப் போகும் முன் பல் தேய்க்க பிரஷைப் பிடிக்க வேண்டும், பிடிக்க வராது, பிரஷைப் பிடிப்பதற்கே முதலில் ஒரு வாய் ஊற்ற வேண்டும், பிறகு கை நிற்கும், நின்ற கையால் பல் தேய்த்து, வாசனை போகத் தேய்த்து, ஏலக்காய் மென்று, லாரி நம்பர் எழுதப் போவேன். இருபத்தி மூன்று வயதில். என்னோடு படித்தவன் அந்த வயதில் பைக் வாங்கி அதற்கு மாலை போட்டுப் போட்டோ போட்டுக்கொண்டிருந்தான்.

முத்துச்செல்வன் இருந்திருந்தால் இப்போது போன் பண்ணலாம். சர்ச்சுக்குள் எப்படிப் பண்ணுவது, வெளியே வந்து பண்ணலாம், பாத்ரூம் போகிற மாதிரிப் போய்ப் பண்ணலாம். மையத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டில், கோவில்பட்டியில் ஆட்டோ ஓட்டினவர், இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வெளியே வந்தோம், தினமும் சாயங்காலம் ஒரு போன், இன்னைக்கு எப்படி, இன்னைக்கு இல்ல, சரி நாளைக்குப் பேசுவோம், அவ்வளவுதான் பேச்சு. அவருக்குச் சளி பிடித்தது. வீட்டில் பிள்ளைக்கு வாங்கின இருமல் டானிக் இருந்தது, மூடியில் ஊற்றிக் குடித்தார். அது எந்த டானிக், அதில் என்ன கலந்திருந்தது என்று பார்க்கவில்லை, சளி பிடித்தவன் எவன் லேபிளைப் படிப்பான். மறுநாள் ஒயின்ஷாப் பின்னாலிருந்து எனக்குப் போன் பண்ணினார், சிரித்துக்கொண்டே பேசினார், "நாக்கு கண்டுபிடிச்சிருச்சு தம்பி. நான் பாட்டுக்கு மருந்துன்னு குடிச்சேன், அது கண்டுபிடிச்சிருச்சு." அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அது என் சிரிப்பும்தான். அண்ணே எங்க நிக்கிய, நான் பஸ் ஏறி வாரேன் என்றேன். வேண்டாம் தம்பி, நீ இந்த வாசனைக்கு வராதே என்றார், அந்த நிலையிலும் அதைச் சொன்னார், அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் ரத்தம் கக்கிச் செத்துப்போனார். எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் பாட்டுக்குத் தினமும் அந்த நம்பருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் அவர் சம்சாரம் எடுத்து, "தம்பி, இந்த நம்பருக்கு இனி கூப்பிடாதீங்க, பிள்ள அப்பா போன்னு ஓடி வருது" என்றது. ஒரு மூடி. இங்கே பாத்திரத்தில் ஒரு வாய். மூடி பெரிதா, வாய் பெரிதா.

எங்கள் பெஞ்சு. அருமைநாயகம் சார் எழுந்துவிட்டார், அவர் எழுந்தால் நான் கால் மடக்கி வழி விடலாம், எல்லோரும் என்னைத் தாண்டிப் போகலாம், நான் இங்கேயே இருக்கலாம். இருந்தால் முடிந்தது கதை. போனால் அப்பமாவது எடுக்கலாம். அப்பத்தை எடுத்துவிட்டு எழுந்து வந்துவிடலாமா, அது இன்னும் பளிச்சென்று தெரியும். உதட்டை மூடிக்கொண்டு குடிக்கிற மாதிரிப் பாவனை பண்ணலாம், தொண்டையை அசைத்துக் காட்டலாம், ஐயர் உட்பட ஒருவருக்கும் தெரியாது. பாவனை எனக்குக் கைவந்த கலை. குடிக்காத மாதிரி நடப்பது, குடிக்காத மாதிரிப் பேசுவது, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைப்பது, தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொள்வது, அம்மா தலையைத் தடவும்போது விழிக்காமல் இருப்பது, இதைத்தானே வருஷக்கணக்காகப் பண்ணினேன். மறுபடி அதே வேலையைக் கையில் எடுத்தால் மற்றதும் கூடவே வரும், எனக்குத் தெரியும், அவை இரண்டும் பிரிந்து நான் பார்த்ததில்லை. அதுவும் போக, உதடு நனையும். நனைந்த உதட்டோடு திரும்பி நடக்க வேண்டும். அவ்வளவு தூரம் நாக்கை உள்ளே வைத்துக்கொண்டு நடக்க என்னால் ஆகாது, யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன், ஆகாது. கால் நடக்கிறது. தரை குளிர்ச்சியாக இருக்கிறது, செருப்பில்லாத கால், முன்னால் போகிறவரின் குதிகால் வெடிப்பு, அதையே பார்த்துக்கொண்டு போகிறேன். பெண்கள் பக்கமும் அதே சமயம் எழுந்திருக்கிறது. அம்மா அந்தப் பக்க வரிசையில் வருகிறாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். கல்யாண வீட்டில் மகன் மணவறைக்கு நடந்து வரும்போது பெற்றவள் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள், கடவுளே, இப்படிப் பார்க்காதே அம்மா.

முழந்தாளிடுகிறேன். மெத்தையில் முன்னால் போனவர்களின் முட்டிச் சூடு இன்னும் இருக்கிறது. உள்ளங்கையின் மேல் உள்ளங்கை, ஐயர் அப்பத்தை வைக்கிறார், வாயில் போடுகிறேன், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நாக்கால் தள்ளுகிறேன், தள்ளு, அதில் கவனத்தை வை, அப்பத்தில் மட்டும் வை. பாத்திரம் அந்தக் கோடியிலிருந்து வருகிறது. வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைக்கிற சத்தம், கொஞ்சம் திருப்பி அடுத்த வாய், துடைப்பு, அடுத்த வாய். ஒவ்வொரு தொண்டையும் ஏறி இறங்குகிறது. எவ்வளவு லேசாகக் குடிக்கிறார்கள். குடித்ததும் முடிந்துவிடுகிறது அவர்களுக்கு, அடுத்து எங்கே கிடைக்கும் என்று ஒருத்தரும் தேடுவதில்லை, எழுந்து போய் உட்கார்ந்து மத்தியானக் குழம்பை யோசிப்பார்கள். எப்படி, எப்படி முடிகிறது உங்களுக்கு. அருமைநாயகம் சார் குடிக்கிறார். மீசையில் ஒரு சொட்டு நிற்கிறது. சிவப்பு இல்லை, ஒரு மாதிரிக் கறுப்பு. என் முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. பாத்திரத்துக்குள் வாசனை முற்றிப் பழுத்து நிற்கிறது, கிராம்பு மேலாக, அடியில் அது, அதேதான், எந்த ஜெபமும் அதை மாற்றவில்லை, என்னை அதற்குத் தெரிகிறது. ஒரு வாய்தானே கிதியோன், கர்த்தருடைய ரசம்தானே, அம்மா பார்க்கிறாள், குடித்துவிட்டு எழுந்து போ, எல்லாம் சரியாகிவிடும், யாருக்குத் தெரியும், உனக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். உனக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றதும்தான் விழித்துக்கொண்டேன். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். கையைத் தூக்கிப் பாத்திரத்தின் வாயை மூடினேன். தள்ளவில்லை, மூடினேன், அவ்வளவுதான், ஆனால் கை இப்போது நடுங்கியது, விரல் நகம் வெள்ளியில் பட்டு டிக் டிக் என்று சத்தம் போட்டது, எங்கள் கோயிலில் அந்த நேரம் பார்த்துத்தானா கீபோர்டும் நிற்க வேண்டும். ஐயர் தயங்கினார். குனிந்து மெதுவாக, "தம்பி, விசுவாசம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பாத்திரம் என்னைத் தாண்டிப் போனது.

எழுந்து திரும்பி நடக்கிறேன், நானூறு கண். ஒருத்தரும் பார்க்கவில்லை, எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், அதுதான் பார்க்கிற விதம். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், உள்ளே யாரும் கைதட்டக் காணோம். பெஞ்சில் உட்கார்ந்து கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்கிறேன். இத்தனை பேரும் குடித்தான் என்றுதான் நினைக்கப் போகிறார்கள். குடித்தாலும் அதே பேர், குடிக்காவிட்டாலும் அதே பேர், பிறகு எதற்காக, என்று ஒரு யோசனை ஆரம்பிக்கிறது. அதை முடிக்க விடக் கூடாது. முடிக்க விட்டால் அது நேரே பஸ் ஸ்டாண்டு பின்னாலிருக்கிற ஒயின்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தும், வழி அதற்குப் பாடம். எனவே ஃபேனைப் பார்க்கிறேன். ஃபேன் சுற்றுகிறது. ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிறார்கள், ஆமென் என்கிறேன் நானும்.

வெளியே வெயில். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா என் கையைப் பிடித்து மணிக்கூண்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறாள், செருப்பு ஒரு காலில்தான் இருக்கிறது.

"எப்பம்ல குடிச்ச?"

"குடிக்கலம்மா."

"நேத்து சாயங்காலம் வெளிய போனியே."

"ஐயர் வீட்டுக்குத்தாம்மா போனேன்."

"ஊது."

அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்க்கிறாள். மறுபடி ஊது என்கிறாள். மறுபடி ஊதுகிறேன். என் வாயில் காலையில் குடித்த வெந்நீரும் அப்பமும் தவிர ஒன்றும் இல்லை, அது அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் மோசமாகப் போகிறது. உதடு கோணிக்கொண்டு அழுகை வருகிறது.

"குடிக்கலன்னா பின்ன ஏம்ல எடுக்கல? கர்த்தர வேண்டாங்கியா நீ?"

"ஒரு வாய் பட்டாக்கூட நான் செத்துருவேம்மா. நெசமாச் சொல்லுதேன்."

"அவரு ரத்தத்தக் குடிச்சு எவம்ல செத்தான்?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்க்கிறாள். பியூலா சித்தி வேப்பமரத்தடியிலிருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக, ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வருகிற மாதிரி. அம்மா குரலை இறக்கிக்கொள்கிறாள். "குடிச்சாம்னா சீக்குன்னு சொல்லிருவேன். பிள்ளைக்கு இன்னும் சொகமாகல, ஜெபிங்கன்னு சொல்லிருவேன். குடிக்காமலே கைய வச்சு மூடுனாம்னா நான் யார்ட்ட என்னன்னு சொல்ல? என்னன்னு சொல்ல, சொல்லு." அவள் விரல் என் மணிக்கட்டில் புதைகிறது. "குடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிரும்ல. எங்கிட்ட மட்டுமாவது."

அவளைப் பார்க்கிறேன். இரண்டு வருஷமாக இந்த முகத்தை ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்க வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இப்படி ஒரு வழி இருக்கும் என்று நினைத்ததில்லை.

"ஆமாம்மா," என்கிறேன். "நேத்துதான். கொஞ்சம்."

அம்மாவின் தோள் இறங்குகிறது. மூச்சு விடுகிறாள். கண்ணைத் துடைத்து, என் காலரைத் தடவி நேராக்கிவிட்டு, பியூலா சித்தியைப் பார்த்துத் திரும்புகிறாள். "சறுக்கிட்டான் பிள்ள. நேத்து சறுக்கிட்டான். ஜெபத்துல வச்சுக்கோ." சித்தி என் கன்னத்தைத் தொட்டு, "விட்டுரலாம்யா, விட்டுரலாம், கர்த்தர் கைவிட மாட்டாரு" என்கிறது. அதன் கண்ணில் நிஜமான பிரியம். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், அவர்கள் முகத்திலும் அதே பிரியம். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடித்தவன் நிற்கிற மாதிரி நிற்கிறேன்.